திட்டுவதற்கு மட்டும் தமிழ்

எங்கள் வீட்டுக்குள் தமிழ் பேசக் கூடாது என்று முதலில் சொன்னது என் மகளின் முதல் வகுப்பு டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனுக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ரயிலேறி நியூயார்க் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. அபார்ட்மென்டில் நானும் மகளும்தான். ஈரோட்டில் யூ.கே.ஜி. முடித்துவிட்டு வந்தவள் அவள். வாய் ஓயாது. ரோட்டில் போகிற காருக்கெல்லாம் கதை சொல்வாள், எல்லாம் தமிழில். பள்ளிக்கூடத்தில் மட்டும் வாயே திறக்கவில்லையாம். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க நாங்கள் உட்கார்ந்தோம். டீச்சர் மட்டும் பெரிய நாற்காலியில். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அந்தப் பெயரை அவர் அதற்கு முன் கேட்டிருந்த மாதிரி தெரியவில்லை. இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும், அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் மூன்று முறை தலையாட்டிவிட்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏனுங்க, நம்ம வீட்டுக்குள்ள நாம என்ன பேசறதுன்னு அந்தம்மா எப்படிங்க சொல்லலாம்?"

"டீச்சர் அவங்க. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? நாளைல இருந்து வீட்டுல இங்கிலீஷ்தான். உனக்கும் இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆகும்."

இதுதான் எங்கள் ஜனம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வருகிற ஜனம். என் வீட்டுக்காரரை அவர் அப்பா அப்படித்தான் ஒப்படைத்தார். அந்தப் புத்தி கடல் தாண்டியும் போகவில்லை. இங்கே தோலுக்குப் பதில் நாக்கைக் கேட்டார்கள். இவர் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். அப்புறம் பி.எஸ்ஸி. இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன், புரியும். பேசத்தான் வராது. மகளிடம் பேச எனக்கு இருந்தது ஈட், கம், ஸ்லீப், ஹோம்வொர்க் ஓவர், இவ்வளவுதான். நாய்க்குட்டிக்குச் சொல்வது மாதிரி. காய்ச்சலில் கிடந்தவளின் நெற்றியைத் தொட்டுவிட்டு "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைக் கொஞ்ச வார்த்தை இல்லாமல் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாளே என்று அந்த டீச்சர் வந்து பார்த்தாரா? வீட்டுக்காரராவது பார்த்தாரா? அவர் ஊருக்கு ஃபோன் பேச வேண்டுமென்றால் கார்ட்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேசுவார். பிள்ளை காதில் விழக் கூடாதாம். என்னவோ கெட்ட வார்த்தை பேசப் போகிற மாதிரி.

ஒரு விதிவிலக்கு சாமி. துணி வைக்கிற கிளாசட் ஒன்றைக் காலி செய்து படங்களை மாட்டியிருந்தோம். அந்தக் கதவைத் திறந்து நின்றுகொண்டு நான் தமிழில் முணுமுணுத்தால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். சாமிக்கு இங்கிலீஷ் வராது என்று அவருக்கே ஒரு நினைப்பு போல.

இன்னொன்று திட்டு. அது விதிவிலக்கு அல்ல, மீறல். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது. பாலைக் கொட்டினால், ஷூவோடு கார்ப்பெட்டில் ஏறினால், ஹோம்வொர்க்கை மறைத்து வைத்தால் தமிழ் பொத்துக்கொண்டு வரும். வாரம் முழுக்க அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து வரும். சும்மாவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்காரர் இருந்தால் "இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்பார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மகள் அசையாமல் நிற்பாள். தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கிறவரை. பெரியவர்கள் திட்டும்போது எதிர்த்துப் பேசக் கூடாது, பாதியில் நகரக் கூடாது, நகர்ந்தால் இன்னும் இரண்டு விழும் என்று நாங்கள் பழக்கியது. முடிந்ததும் "சாரி, அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுடைய அமெரிக்கச் சினேகிதிகள் அம்மா திட்டினால் கண்ணை உருட்டிவிட்டு டிவி பார்க்கப் போவார்கள். என் மகள் நிற்பாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட உண்டு.

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அந்த வகுப்புக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இங்கேயிருந்து ஒரு டீச்சர் அங்கே போக, அங்கேயிருந்து இவர் ஒரு வருடத்துக்கு இங்கே. வெள்ளைக்காரர்தான். ஆனால் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியைக் கொஞ்சம் படித்தவர். காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளைகள் "கியா ஓரா" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வணக்கம் மாதிரி. முதல் வாரமே என் மகள் வீட்டுக்குள் நுழையும்போது "கியா ஓரா, அம்மா" என்றாள். படிக்கட்டு ஏறும்போது "தாஹி, ருவா, தோரு, ஃபா" என்று எண்ணிக்கொண்டே ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வீட்டுக்காரருக்கு ஒரே பூரிப்பு. "பாரு, எக்ஸ்போஷர்னா இதுதான்" என்றார்.

"ஏனுங்க, அது மூணாவது மொழிங்களே. இப்பக் குழம்பமாட்டாளா?"

"இது ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க. அது வேற."

அது வேறயாம். எதை எடுத்து இவர் மண்டையில் போடுவது என்று அன்றைக்குத் தேடினேன். கையில் கிடைத்தது ஒரு கரண்டிதான்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். பிளாஸ்டிக் பையைச் சுருட்டிப் பந்தாக்கி, உல்லன் நூலைப் பின்னிக் கயிறாகக் கட்டி, சுழற்றி ஆடுகிற பொய் என்ற சாமானைப் பிள்ளைகளே செய்தார்கள். பெயர்தான் பொய், சாமான் நிஜம். மகள் அதற்கு ஓக் ட்ரீ ரோட்டு இந்திய மளிகைக் கடைப் பையைத்தான் கொண்டுபோனாள். நாள் முழுக்க அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். அப்புறம் பின்னல். அந்த நாட்டில் ஒரு நீண்ட இலையைக் கிழித்துப் பின்னுவார்களாம். இங்கே அந்த இலை இல்லாததால் கடையில் விற்கிற ராஃபியா நாரை வைத்துச் சின்னப் பாய் மாதிரி ஒன்று பின்னினார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. எனக்கும் ஒயர் கூடை பின்னத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தெருவுக்கே பின்னிக் கொடுத்திருக்கிறேன். மகள் முடிச்சுப் போடத் தெரியாமல் திணறியபோது வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன். இழை, முடிச்சு, இறுக்கு, எதற்கும் இங்கிலீஷ் வரவில்லை. "லைக் திஸ்" என்றேன். அவளும் "ஓகே" என்றாள். அதோடு முடிந்தது பாடம்.

முதல் பின்னலை வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்தான். என் மகள் அவளுடையதை யாருக்குக் கொடுத்தாள் தெரியுமா? முதல் வகுப்பு டீச்சருக்கு. அவர்தான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவராம். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதுகாப்புப் பாடமும் அதே டீச்சர்தான். அவர் ஊரில் பூமி அடிக்கடி ஆடும் போலிருக்கிறது. அதனால் எடிசன் பிள்ளைகளும் மேஜைக்கு அடியில் ஆமை மாதிரிச் சுருண்டு கழுத்தைக் கையால் மூடிக்கொள்ளப் பழகினார்கள். தீப்பிடித்தால் குனிந்து தவழ்ந்து வெளியே போக வேண்டும், பொம்மையை எடுக்கத் திரும்பக் கூடாது, வெளியே ஒரு மரத்தடியில் எல்லோரும் சேர வேண்டும். வீட்டுக்கு வந்து எங்களையும் மரம் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். பார்க்கிங் பக்கத்தில் இருந்த மேப்பிள் மரம் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கார்ப்பெட்டில் தவழ வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாக் கட்டளையும் இங்கிலீஷில்.

அடுத்தது ஸ்மோக் அலாரம். நாற்காலி போட்டு ஏறி அதன் பட்டனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. எப்படி வரும்? அதில் பேட்டரி இல்லை. நான் வரமிளகாய் தாளித்தாலே அது ஊரைக் கூட்டும். மாடி வீட்டுக்காரி துடைப்பத்தால் தரையை இடிப்பாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கேட்கவே வேண்டாம். வந்த புதிதிலேயே வீட்டுக்காரர் பேட்டரியைக் கழற்றிக் கிச்சன் டிராயரில் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து எடிசனில் நம்மவர் வீடுகளில் பாதி அலாரம் அப்படித்தான் தொங்கியது.

"டீச்சர் செட் இட் மஸ்ட் வொர்க், டாடி" என்றாள் மகள். வீக்எண்டில் சரி செய்கிறேன் என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். எந்த வீக்எண்ட் என்று சொல்லவில்லை. தமிழை விடச் சொன்ன டீச்சர் பேச்சு வேதவாக்கு. பேட்டரி போடச் சொன்ன டீச்சர் பேச்சு அடுத்த வீக்எண்ட்.

குளிர் முடிகிற சமயத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஹாலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மாவோரிகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது முதலில் மலையைச் சொல்வார்களாம், பிறகு நதியை, கடைசியில்தான் தன் பெயரை. ஒவ்வொரு பிள்ளையும் அப்படிச் சொன்னது. என் மகள் முறை வந்தது. "கோ வாட்சங் தே மௌங்கா. கோ ராரிட்டன் தே ஆவா." என் மலை வாட்சங், என் நதி ராரிட்டன். வாட்சங் எங்கள் பக்கத்து மேடு. ராரிட்டன் பக்கத்தில் ஓடுகிற ஆறு. அப்பாவைத்தான் கேட்டிருக்கிறாள், அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சென்னிமலை அடிவாரத்தில் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த மனுஷன்! எனக்கு மலையும் இருந்தது, ஆறும் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் அவளிடம் மொழி இல்லை, சொல்லவும் என்னிடம் மொழி இல்லை.

அதன்பிறகு நியூசிலாந்து டீச்சர் மைக்கைப் பிடித்தார். அவர் நாட்டில் ஒரு காலத்தில் மாவோரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியைப் பேசினால் அடி விழுமாம். அதனால் பெற்றோரே, பிள்ளை அடி வாங்கக் கூடாது என்று, வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு தலைமுறைக்குள் பேச ஆளில்லாமல் போய், இப்போது கைக்குழந்தையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. ஹால் முழுக்க கைதட்டல். எனக்கு முன் வரிசையில் முதல் வகுப்பு டீச்சர் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று தட்டினார். டிஷ்யூ எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்து, "எவ்வளவு பெரிய கொடுமை, இல்லையா? ஒரு குழந்தையிடமிருந்து மொழியைப் பிடுங்குவது!" என்றார்.

நக்கல் இல்லை. நிஜமாகவே கலங்கியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களிடம் தான் சொன்னதே அவருக்கு ஞாபகமில்லை. இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லையே, சிரித்துக்கொண்டே கேட்டார், நாங்களும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டோம். நாக்கு நுனிவரை வந்தது அத்தனையும் தமிழில் இருந்தது. "யெஸ்" என்றேன். அந்த "யெஸ்"ஸுக்காக என்னை நானே காரில் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன்.

சித்திரை பிறந்த அன்றைக்கு வடை சுட்டேன். லீவு நாள் இல்லை. சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு சூடாகக் கொடுக்கலாம் என்று எண்ணெய் வைத்தேன். கரண்ட் அடுப்பு, சுருள் சிவந்தால் லேசில் ஆறாது. உளுந்து மாவை எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பியவள் ஃப்ரிட்ஜுக்குள் எதையோ தேடிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாணலி எரிகிறது. தீ அடுப்புக்கு மேலே இருந்த கப்போர்டை நக்கிக்கொண்டிருந்தது. அலாரம் கம்மென்று தொங்கியது.

மகள் கிச்சன் வாசலில் நின்றாள், கையில் அந்தப் பொய்.

"தள்ளிப் போ! வெளிய ஓடு! மரத்துக்கிட்டப் போய் நில்லு!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்தாள். அசையாமல் நின்றாள்.

"ஓடு! போ அம்மிணி, வெளிய போ!"

இன்னும் குனிந்தாள். "சாரி, அம்மா" என்றாள். "சாரி. சாரி."

தீயை அவள் பார்க்கவே இல்லை. குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் தமிழ் அவளைப் பார்த்துப் பேசியதெல்லாம் திட்டுவதற்கு மட்டும்தான். அம்மா தமிழில் கத்தினால் அசையாமல் நிற்க வேண்டும், முடிகிறவரை நகரக் கூடாது. அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்தாள். தவழ்ந்து போவதும் மரமும் அவளுக்கு இங்கிலீஷில் தெரியும். "ஃபயர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. படித்த சொல்தான். வரவில்லை.

பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். ஹாலில் போய் விழுந்தாள். திரும்பி வந்து அடுப்பை அணைத்து, பெரிய தாம்பாளத்தை எடுத்து வாணலி மேல் கவிழ்த்தேன். கை பொசுங்கியது. கொஞ்ச நேரத்தில் தீ அடங்கியது. கப்போர்டு கருகியதோடு போயிற்று.

அவள் ஹாலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மோவாயில் ரத்தம். பொய் ஒரு மூலையில் கிடந்தது. என்ன தப்பு செய்தேன், எதற்குத் தள்ளினாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை கண்ணு, நீ ஒன்றும் செய்யவில்லை என்று தமிழில் சொன்னேன். அந்தச் சத்தம் கேட்டதும் மறுபடி தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த டீச்சர் மேல், இந்த மனுஷன் மேல், தலையாட்டிய எல்லார் மேலும்.

அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்து, கருகிய கப்போர்டைப் பார்த்து, மகளின் மோவாயைப் பார்த்து, என் கையைப் பார்த்தார். நடந்ததைத் தமிழில் சொன்னேன், நல்ல சத்தமாக, பாத்ரூம் கதவுக்கு வெளியே. இங்கிலீஷ் என்று அவர் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து பேட்டரியை எடுத்து, நாற்காலி மேல் ஏறி மாட்டினார். அலாரம் ஒரு முறை கத்தி ஓய்ந்தது.

"அதை மாட்டிட்டீங்க" என்றேன். "பிள்ளைகிட்ட இருந்து கழட்டுனதை எப்பங்க மாட்டுவீங்க?"

அவர் நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். நியூசிலாந்து டீச்சரிடம் என் ஓட்டை இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் அது ஓட்டையானால் என்ன, உடைசலானால் என்ன என்று ஆகிவிட்டது எனக்கு. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். பக்கத்து வகுப்பைக் கை காட்டினேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் நான் இங்கே விருந்தாளி, அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது என்றார். விருந்தாளி! எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. உலகத்தின் அந்தக் கோடியில் நடந்ததற்கு மைக்கில் குரல் கம்முகிறது, பக்கத்து அறையில் நடப்பதற்கு விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். நான் கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் மொழியைப் பாடமாக ஆரம்பிப்பதில்லை, சாப்பாடு ஊட்டுவதிலும் தூங்க வைப்பதிலும் ஆரம்பிக்கிறோம் என்றார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுச் சட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டேன். சோறு தமிழில், தலை பின்னுவது தமிழில், கொஞ்சல் தமிழில், தூங்கும்போது கதை தமிழில். திட்டு மட்டும் இங்கிலீஷில். அமெரிக்க அம்மாக்கள் எப்படித் திட்டுகிறார்கள் என்று மத்தியான டிவியைப் பார்த்துப் படித்தேன். "யங் லேடி, தட் இஸ் இனஃப்!" என்று நான் கத்தியபோது முதலில் அவள் சிரித்துவிட்டாள். பரவாயில்லை, சிரிக்கட்டும். தமிழ் என்றால் குனிகிற தலை நிமிர்ந்தால் போதும் எனக்கு.

லேசில் நடக்கவில்லை. தமிழில் சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். வந்து தட்டைத் தள்ளுவாள். தமிழ் பிடிக்கவில்லை, அது உன் கோபம் மாதிரியே இருக்கிறது என்று இங்கிலீஷில் கத்திக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, சாமிக்குச் சொல்வதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கோடை லீவு முழுக்க இதே பாடு. வீட்டுக்காரர் கார்ட்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நான்காம் வகுப்பில் புது டீச்சர், சின்னப் பெண். அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் பெற்றோர் சந்திப்பு. வீட்டில் விட ஆளில்லாததால் மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அதே குட்டி நாற்காலிகள். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியும். நன்றாகப் படிக்கிறாள், ஆனால் எழுதும்போது நடுவில் புரியாத வார்த்தைகள் வருகின்றன, கோடைக்கு முன்னால் அப்படி இல்லையாம், வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்களா, இங்கிலீஷ் மட்டும் பேசினால் அவளுக்கு நல்லது என்றார்.

என் வீட்டுக்காரரின் தலை ஆடத் தொடங்கியது. பழக்கதோஷம்.

நான் எழுந்து நின்றேன். தமிழில் பேசினேன். கருகிய கப்போர்டைப் பேசினேன். அசையாமல் நின்ற பிள்ளையைப் பேசினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிய மகராசியைப் பேசினேன். நீங்கள் யார் அம்மா என் வீட்டு அடுப்படிக்குள் வந்து பேச்சை நிறுத்தச் சொல்ல என்று கேட்டேன். நடுவில் எங்கள் ஊர்ச் சந்தைப் பாஷையும் கொஞ்சம் வந்துவிட்டது. பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. டீச்சர் ஒன்றும் புரியாமல் என் மகளைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். இத்தனை மாதத்தில் நான் தமிழில் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவள் தலை குனியவில்லை. கையைக் கட்டிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"மை மாம் சேஸ் நோ" என்றாள்.

அவ்வளவுதானா, அம்மா ரொம்ப நேரம் பேசினார்களே என்று டீச்சர் கேட்டார்.

"தட்ஸ் ஆல்" என்றாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லத் தகாத வார்த்தைகள் எவையென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"போலாமா, அம்மா?"